சீன மாயக்கதைப் படங்களும் மருட்கை மெய்ப்பாடும்

1. முன்னுரை

சீன நாட்டு அசைவூட்டப் படங்கள் இன்று உலகினர் கருத்தை ஈர்த்து வருகின்றன. 2025ஆம் ஆண்டு சனவரித் திங்களில் சீனப் புத்தாண்டை ஒட்டி வெளிவந்த 'நெஜா' இரண்டாம் படம், அதுவரை உலகில் வெளிவந்த அசைவூட்டப் படங்கள் எல்லாவற்றினும் மிகுதியான வருவாய் ஈட்டியது. அப்படத்தையும் அதற்கு முன்னர் வந்த பிற சீன மாயக்கதைப் படங்களையும் தமிழ்நாட்டு இளைஞரும் விரும்பிக் காண்கின்றனர். காவிரியின் கீழ்க்கரையில் ஈரோட்டிற்கு எதிரே அமைந்த பள்ளிபாளையத்தில், விசைத்தறி ஒலிக்கிடையே வளர்ந்து கல்லூரிக்கு வரும் மாணாக்கர் சீனமொழியில் ஒரு சொல்லும் அறியாதவர்; ஆயினும் ஆங்கில வரிகளின் துணைகொண்டு இப்படங்களைக் கைப்பேசியில் கண்டு, வகுப்பிலும் அவை பற்றிப் பேசுகின்றனர். இவ்வீர்ப்பு யாங்ஙனம் தோன்றுகின்றது என்பதே ஈண்டு ஆராயப்படும் பொருளாகும்.

கணிப்பொறியின் நுட்பமே இவ்வீர்ப்பிற்குக் காரணம் என்று பலர் எளிதாகக் கூறிவிடுவர். அது முழுவதும் பொருந்தும் விடையன்று. கணிப்பொறி இத்துறைக்கு வாராத காலத்தில் கையால் வரைந்து ஆக்கிய சீனப் படங்கள் இன்றும் சுவை குன்றாமல் விளங்குகின்றன. நுட்பத்தில் அவற்றை விஞ்சிய எத்தனையோ படங்கள் வந்த ஆண்டிலேயே மறக்கப்பட்டன. ஆதலின் ஈர்ப்பின் வேரை வேறிடத்தில் தேடுதல் வேண்டும். தொல்காப்பியர் மருட்கை என்னும் மெய்ப்பாட்டிற்கு வகுத்த நிலைக்களன் நான்கனுள் இறுதியில் நிற்கும் 'ஆக்கம்' என்பதே இவ்வேர் என்பது எம் கருத்து. அக்கருத்தை நிறுவ முயல்வதோடு, அதனால் தமிழாராய்ச்சித் துறைக்கு எழும் கடமை ஒன்றனையும் சுட்டுவோம்.

திரைப்படம் தமிழாராய்ச்சிக்கு உரிய பொருளாகுமோ என்னும் ஐயம் சிலர்க்கு எழலாம். முத்தமிழுள் நாடகத்தை ஒன்றாக வைத்தவர் நம் முன்னோர். நாணுடைமையைக் கூறுமிடத்து வள்ளுவர், மரத்தாற் செய்த பாவை கயிற்றின் இயக்கத்தால் உயிருள்ளதுபோலத் தோன்றி மயக்குவதை உவமை காட்டுகின்றார். அங்கு அவர் ஆளும் மருட்டுதல் என்னும் சொல்லும் மருட்கை என்னும் சொல்லும் ஒரே அடியிற் பிறந்தவை. உயிரில்லாத பொருளை உயிருடையது போல இயக்கிக் காண்போரை மருட்டும் கலையே அசைவூட்டக் கலை. ஆகவே இக்கலையின் இயல்பு நம் இலக்கியத்திற்குப் புதிதன்று.

2. மருட்கையின் நிலைக்களன்கள்

மெய்ப்பாட்டியலில் நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என மெய்ப்பாடுகள் எட்டு வைக்கப்பட்டுள்ளன. இவற்றுள் மருட்கை வியப்பு எனவும் கூறப்படும். அது புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம் என்னும் நான்கினையும் பொருளாகக் கொண்டு பிறக்கும் என்பது ஆசிரியர் கொள்கை. அறிவால் உடனே தெளிந்து அடக்கிக்கொள்ள இயலாமை இதன் தன்மை என்பதும் அந்நூற்பாவால் பெறப்படும்.

முன்பு எங்கும் கண்டிராத ஒன்றனைக் கண்டு வியத்தல் புதுமை பற்றியது. அறிந்த பொருளே அறிந்த அளவினும் மிகப் பெரிதாகத் தோன்ற வியத்தல் பெருமை பற்றியது. மிக நுண்ணியதைக் கண்டு வியத்தல் சிறுமை பற்றியது. ஆக்கம் என்னும் சொல் செல்வம், உயர்வு என்னும் பொருளில் பெருக வழங்கும். ஆயின் ஈண்டு உரையாசிரியர்கள் அதனை ஒன்று தன் நிலை திரிந்து வேறொன்றாதல் என்னும் பொருளில் கொள்வர்.

இந்நான்கனையும் ஒருங்கு வைத்து நோக்கினால் ஒரு வேறுபாடு புலனாகும். முதல் மூன்றும் ஒரு கணத்திற் பிறப்பவை. புதுமையுடையது இரண்டாம் முறை காணும்போது புதுமையன்று. பெரியது அதனினும் பெரியது வந்தவுடன் சிறிதாகின்றது. சிறியதற்கும் இஃதொக்கும். ஆக்கமோ காலத்தை வேண்டி நிற்பது. முன்னர் என்னவாக இருந்தது, பின்னர் என்னவாயிற்று என்னும் இரண்டனையும் ஒருசேர நினைப்பவர்க்கே ஆக்கத்தின் வியப்பு உண்டாகும். எனவே ஆக்கம் தன்னுள்ளே ஒரு கதையை உடையது. மற்றை மூன்றும் காட்சி அளவில் நிற்க, இஃது ஒன்றே கதையாக விரிதற்கு ஏற்றது என்க.

ஆக்கத்திற்குப் பிறிதோர் இயல்பும் உண்டு. ஒன்று மற்றொன்றாக மாறியது என்று நாம் அறிவதற்கு, மாறாத சிறுகூறு ஏதேனும் எஞ்சி நிற்றல் வேண்டும். யாதும் எஞ்சாதாயின் பழையது மறைந்து புதியது தோன்றிற்று என்று கொள்வோமேயன்றி, அதுவே இதுவாயிற்று என்று கொள்ளோம். ஆகவே மாற்றமும் மாறாமையும் ஒருங்கு நிற்கும் இடமே ஆக்கம். இவ்வியல்பை மனத்திற் கொண்டு சீனப் படங்களை நோக்குவோம்.

3. சீனத்தில் இக்கலை வளர்ந்த முறை

சீன அசைவூட்டக் கலையின் முன்னோடிகள் வான் உடன்பிறந்தார் ஆவர். அவர்களுள் வான் லைமிங், வான் குச்சான் ஆகிய இருவரும் 1941ஆம் ஆண்டில் 'இரும்பு விசிறி இளவரசி' என்னும் படத்தைச் சாங்காய் நகரில் உருவாக்கினர். சீனத்தின் முதல் முழுநீள அசைவூட்டப் படம் அதுவே. சப்பானியப் படையெடுப்பால் நாடு அல்லலுற்ற காலம் அது. எரிமலைத் தீயை அவிக்கும் விசிறியைப் பெறுவதற்குப் பலரும் ஒன்றுபட்டு அரக்கனை வெல்லும் அக்கதையில், ஒன்றுபட்டால் பகையை வெல்லலாம் என்னும் குறிப்பைக் காண்போர் உணர்ந்தனர். அப்படத்தை இளமையிற் கண்டு ஊக்கம் பெற்றவருள் ஒருவர், பின்னாளில் சப்பானியப் படக்கதைக் கலையின் தலைவராக விளங்கிய தெசூகா ஒசாமு.

1957ஆம் ஆண்டில் சாங்காய் அசைவூட்டப் படநிலையம் நிறுவப்பட்டது. அதன் தலைவராக இருந்த தெ வெய் முதலியோர் மேலைநாட்டுப் படங்களின் உருவங்களைப் படியெடுத்தல் தகாது என்று துணிந்து, தம் நாட்டு மரபுக் கலைகளிலிருந்தே வடிவங்களைத் தேடினர். தாளை வெட்டி உருவம் செய்யும் நாட்டுப்புறக் கலையைக் கொண்டு வான் குச்சான் 1958இல் ஒரு படம் ஆக்கினார். ச்சி பைஷி என்னும் புகழ்பெற்ற ஓவியரின் மைத்தீட்டு முறையைப் பின்பற்றித் 'தாயைத் தேடும் தலைப்பிரட்டைகள்' என்னும் குறும்படம் 1960இல் உருவாயிற்று. நீரில் மை பரவுவதுபோல் கோடுகளே இல்லாமல் உருவங்கள் அசைவது அப்படத்தின் சிறப்பு. அதன் கதையும் ஆக்கம் பற்றியதே. தலைப்பிரட்டை தவளையாக மாறும் இயற்கை நிகழ்ச்சியே அங்குக் கதைப்பொருள். தாயின் உருவமும் பிள்ளைகளின் உருவமும் வேறுபட்டிருத்தலால் தேடல் உண்டாகின்றது.

வான் லைமிங் இயக்கிய 'விண்ணுலகில் அமளி' என்னும் படம் 1961, 1964 ஆகிய ஆண்டுகளில் இரு பகுதிகளாக முற்றுப்பெற்றது. சீன நாட்டு இசைநாடக மேடையின் முகப்பூச்சு, நடை, தாளம் ஆகியவை அதன் உறுப்புகளாயின. 1979இல் வெளிவந்த 'நெஜா கடலரசனை வென்ற கதை' என்னும் படமும் இம்மரபினதே. 1981இல் வந்த 'ஒன்பது வண்ண மான்' என்பது தூண்ஹுவாங் குகைச் சுவரோவியத்தை அடியொற்றியது. அவ்வோவியமோ இந்தியாவிற் பிறந்த புத்த சாதகக் கதையைத் தீட்டியது. நம் நாட்டில் திரைப்படப் பிரிவு என்னும் அரசு நிறுவனம் 1957இல் ஆக்கிய 'ஆலமரத்து மான்' என்னும் அசைவூட்டப் படமும் மற்றொரு மான் சாதகத்தையே தழுவியது. இரு நாட்டினரும் ஒரே ஊற்றில் நீர் முகந்தனர். சீனர் அவ்வழியில் தொடர்ந்து சென்றனர். நாம் அங்ஙனம் செய்தோமில்லை.

4. நான்கு நிலைக்களனும் படங்களும்

இப்படங்களில் மருட்கையின் நிலைக்களன் நான்கும் உள்ளன. விண்ணில் மிதக்கும் அரண்மனைகளும் கடலடி உலகமும் புதுமை. கடலைப் பிளந்து எழும் கடல்நாகங்களும் மலையளவு உருவங்களும் பெருமை. சுன் வூகோங் என்னும் குரங்குவீரன் காதினுள் ஊசியாக ஒளித்து வைக்கும் இரும்புத்தடி சிறுமை. எடுத்த பின் அது நீண்டு பெருகுதல் பெருமை. 2025இல் வெளிவந்த மற்றொரு சீனப்படம், பெரிய அரக்கர்க்கு ஏவல் செய்யும் பெயரற்ற சிறு பன்றிப்பேய் ஒன்றனைத் தலைமகனாக்கியது. அதுவும் சிறுமையை நிலைக்களனாகக் கொண்டதே. ஆயினும் காண்போர் உள்ளத்தில் நெடிது நிற்பது ஆக்கமே என்பதற்குச் சான்று காட்டுவோம்.

சுன் வூகோங் எழுபத்திரண்டு வடிவெடுக்கும் ஆற்றல் பெற்றவன். 16ஆம் நூற்றாண்டினதாகிய 'மேற்றிசைப் பயணம்' என்னும் கதைநூலில், தன்னைத் துரத்தும் தேவவீரனிடமிருந்து தப்ப அவன் ஒரு சிறு கோயிலாக மாறுகின்றான். வாய் வாயிலாகின்றது, பற்கள் கதவாகின்றன, கண்கள் பலகணியாகின்றன. வாலை என்செய்வதென்று அறியாமல் கோயிலின் பின்புறம் கொடிமரமாக நிறுத்துகின்றான். கொடிமரம் பின்னே நிற்கும் கோயில் உண்டோ என்று ஐயுற்ற பகைவன் உண்மையை உணர்கின்றான். இந்நிகழ்ச்சி நகையும் மருட்கையும் விரவியது. எல்லாம் மாறியும் வால் மாறவில்லை. அவ்வால் இல்லையேல் அக்கோயில் வெறுங்கோயிலாகவே தோன்றும். வியப்பிற்கும் நகைக்கும் அங்கு இடமில்லை. மேலே யாம் கூறிய எஞ்சி நிற்கும் சிறுகூறு இதுவே.

'வெண்ணாகம்' என்னும் 2019ஆம் ஆண்டுப் படத்தில் நாகம் பெண்ணாக உலவுகின்றது. அவள்பால் அன்பு கொண்ட இளைஞன், அவளுக்கு நேர்ந்த இடரில் துணைநிற்கத் தன் மனித வடிவையே இழக்க உடன்படுகின்றான். இருவர் வடிவும் திரிந்தபோதும் அன்பு திரியவில்லை. 2016இல் வந்த 'பெருமீனும் பூவும்' பற்றிய படத்தில் தன்னைக் காத்து உயிர்நீத்த இளைஞனின் உயிர் சிறுமீனாகத் திரும்ப, அதனைத் தன் ஆயுளிற் பாதியை ஈடாக வைத்து ஒரு பெண் வளர்க்கின்றாள். குவளையில் அடங்கிய மீன் கடலளவு வளர்கின்றது. வளர்ச்சி கண்டு வியக்கிறோம். அவள் நன்றி மாறாமை கண்டு உருகுகிறோம்.

இங்கு மற்றொன்றும் நோக்கத்தக்கது. இப்படங்களில் மருட்கை தனித்து நிற்பதில்லை. அது விரைவில் அழுகையாகவோ பெருமிதமாகவோ கனிகின்றது. நெஜா இரண்டாம் படத்தில், உடலெங்கும் முட்கள் தோன்றும் கொடிய வினைக்கு மகன் ஆளாகின்றான். நெருங்கியவரை அம்முட்கள் குத்தும் என்பதை அறிந்தும் தாய் அவனைத் தழுவிக்கொண்டு உயிர்விடுகின்றாள். அழுகைக்குத் தொல்காப்பியர் கூறும் இழவு என்னும் நிலைக்களன் இது. முதுகலை மாணாக்கர் சிலரை அப்படத்தில் நினைவில் நிற்கும் இடம் யாதென வினவியபோது, விண்ணிலும் கடலிலும் நிகழும் பெரும்போர்களை அவர்கள் கூறவில்லை; இத்தழுவலையே கூறினர். முள்ளாகத் திரிந்த உடலினும் திரியாத தாய்மை அவர்களை ஈர்த்தது போலும்.

வரைகோடு ஆக்கத்திற்கு இயல்பாகவே ஏற்ற கருவி என்பதையும் கூறுதல் வேண்டும். நடிகரைக் கொண்டு எடுக்கும் படத்தில் ஒருவர் மறைந்து மற்றொருவர் தோன்றுவதாகக் காட்டலாம். வரைந்த உருவமோ நம் கண்முன்னரே வளைந்து, நீண்டு, சுருங்கி, வேறொன்றாகும். கோடு அறுபடாமையால் அதுவே இதுவாயிற்று என்னும் உணர்ச்சி தடையின்றி எழுகின்றது.

5. நெஜாவும் நளகூபரனும்

சீனர் அறிந்த கதை சீனரை ஈர்த்தல் இயல்பு. அக்கதையை அறியாத தமிழரை அது ஈர்ப்பதற்குக் காரணம் யாது? இதற்கு விடை காண நெஜாவின் வரலாற்றை நோக்குதல் வேண்டும்.

16ஆம் நூற்றாண்டுச் சீனப் புனைகதையாகிய 'தெய்வப் பதவியளிப்பு' கூறுமாறு, நெஜா மூன்றரை ஆண்டுகள் தாய்வயிற்றில் இருந்து தசையுருண்டையாகப் பிறக்கின்றான். தந்தை லீ சிங் வாளால் அதனைப் பிளக்க, உள்ளிருந்து குழந்தை வெளிப்படுகின்றான். கடலரசன் மகனைக் கொன்ற பழி பெற்றோரைச் சூழ, தசையைத் தாய்க்கும் எலும்பைத் தந்தைக்கும் திருப்பித் தந்து உயிர் நீக்குகின்றான். ஆசிரியர் அவனுக்குத் தாமரையால் உடல் சமைத்து மீண்டும் உயிர்ப்பிக்கின்றார். 1979ஆம் ஆண்டுப் படம் கதையின் இவ்வெலும்பைக் காத்தது. 2019இல் சியாவொசி இயக்கிய முதற் படமும், அதனைத் தொடர்ந்த 2025ஆம் ஆண்டுப் படமும் கதையைப் பெரிதும் மாற்றின. பழங்கதையில் மகனுக்குப் பகையாக நின்ற தந்தை, புதிய கதையில் மகனுக்கு ஈடாகத் தன் உயிரைத் தர முன்வருகின்றான். பகைவனாகிய கடலரசன் மகன் நண்பனாகின்றான். தாமரையால் உடல் பெறுதல் மட்டும் மாறவில்லை.

நெஜா என்னும் பெயர் வடமொழி நளகூபரன் என்பதன் சீனத் திரிபு என அறிஞர் கொள்வர். நெஜாவின் தந்தையாகிய லீ சிங், வைசிரவணன் எனப்படும் குபேரனின் சீன வடிவினன். 8ஆம் நூற்றாண்டில் வச்சிரபோதி, அமோகவச்சிரர் முதலிய தாந்திரிக பௌத்த ஆசிரியர் வடமொழி நூல்களைச் சீனத்திற் பெயர்த்த காலத்தில் இத்தெய்வம் அங்குப் பரவியது. வச்சிரபோதி தென்னாட்டினர் என்பதும் ஈண்டு நினைக்கத்தகும். மேயர் சாகார் என்னும் அறிஞர் 2015இல் வெளியிட்ட நூலில் இவ்விந்தியத் தொடர்பை விரிவாக ஆராய்ந்து, நாகத்தை அடக்கிய குழந்தைக் கண்ணனின் கதைக்கூறும் நெஜாவிடம் கலந்துள்ளது என்று காட்டியுள்ளார்.

நளகூபரன் தமிழர்க்கு அயலானல்லன். முனிவர் சாபத்தால் அவனும் அவன் உடன்பிறந்தானும் மருதமரங்களாக நின்றதும், உரலொடு தவழ்ந்த கண்ணன் அம்மரங்களைச் சாய்த்து அவர்களை விடுவித்ததும் பாகவதக் கதை. கண்ணன் மருதமரம் சாய்த்த செய்கையை ஆழ்வார்கள் பலகாலும் பாடியுள்ளனர். மகன் மரமாகி, மரம் மீண்டும் மகனாகும் இக்கதையும் ஆக்கமே.

சீனத்தின் தென்கிழக்குக் கடற்கரையிலுள்ள சுவான்சோ நகரில் தமிழ் வணிகர் சிவன் கோயில் ஒன்றனை எழுப்பினர். அதனைக் குறிக்கும் தமிழ்க் கல்வெட்டு சகம் 1203, அஃதாவது கி.பி. 1281ஆம் ஆண்டினது. அந்நகரத்துக் கையுவான் பௌத்தப் பள்ளியின் தூண்களில் இந்து சமயச் சிற்பங்கள் இன்றும் காணப்படுகின்றன. அவற்றுள் இரட்டை மருதமரங்களுக்கு இடையே கண்ணன் செல்லும் காட்சியும், நரசிங்கம் இரணியனைப் பிளக்கும் காட்சியும் உள்ளன. அப்பள்ளியின் கற்கோபுரம் ஒன்றில் வாளேந்திய குரங்குமுக வீரனின் உருவமும் உண்டு. சுன் வூகோங் அனுமனின் சாயலினன் என்று ஊ சீ என்னும் சீன அறிஞர் 1923இல் கருதினார். லூ சூன் சீனத்து நீர்க்குரங்குக் கதையே அவனுக்கு மூலம் என்றார். அவ்வாதம் இன்னும் முடிந்தபாடில்லை.

இச்சான்றுகளால் சீனப் படங்களெல்லாம் நம்மிடமிருந்து பெற்றவை என்று கூறுதல் மிகையாகும். சுவான்சோத் தூண்கள் எழுமுன்பே நெஜா சீனத்தில் வேரூன்றிவிட்டான். கைம்மாறியது சிறு வித்தே, வளர்த்தவர் சீனர். ஆயினும் அயலகத்துக் கதையைக் காணும் தமிழன் அதனுள் தான் அறிந்த ஏதோ ஒன்று மறைந்திருப்பதாக உணர்வதற்கு இப்பழந்தொடர்பு ஒரு காரணமாதல் கூடும். பெயர் மாறியும் வடிவு மாறியும் எஞ்சி நிற்கும் கூறு ஒன்றனை அவன் காண்கின்றான். கதையே ஆக்கம் பெற்று அவனிடம் மீண்டு வந்தது என்னலாம்.

6. கொங்குநாட்டுக் கதைமரபு

பழந்தொடர்பினும் வலியதொரு காரணம் நம் நிலத்திலேயே உள்ளது. பள்ளிபாளையம், திருச்செங்கோடு, நாமக்கல் முதலிய பகுதிகளை உள்ளிட்ட கொங்குநாடு அண்ணன்மார் கதையின் நாடு. பொன்னர், சங்கர் என்னும் உடன்பிறந்தார் இருவரும் அவர்தம் தங்கை தங்காளும் கதையின் தலைமக்கள். உடுக்கையடித்துப் பல இரவுகள் இக்கதையைப் பாடுதல் மரபு. சக்திக்கனல் இதனை 1971இல் பதிப்பித்தார். கனடா நாட்டு மானிடவியல் அறிஞர் பிரெண்டா பெக், காங்கேயம் பகுதியில் 1965இல் இக்கதையைப் பாடக்கேட்டு ஒலிப்பதிவு செய்தார். 1982இல் அதுபற்றிய ஆய்வு நூலையும், 1992இல் மூலமும் மொழிபெயர்ப்புமாக அமைந்த பதிப்பையும் வெளியிட்டார்.

இக்கதையை நெஜாவின் கதையோடு ஒப்பிட்டால் ஒற்றுமை பல தோன்றும். உடன்பிறந்தாரின் தாய் தாமரை. அவள் நெடுந்தவத்தால் மக்களைப் பெறுகின்றாள். கொம்பன் என்னும் பெரும்பன்றியைக் கொல்லுமிடத்துப் பொன்னாச்சி என்னும் சிறுநாய் துணைசெய்கின்றது. வீரரால் இகழப்பட்டு வீட்டில் விடப்பட்ட அந்நாயின்றிப் பன்றி வீழவில்லை. பெருமையும் சிறுமையும் எதிர்நிற்கும் அழகிய இடம் இது. இறுதியில் பதினாறாம் அகவையில் சங்கர் தன் வாளின்மேல் வீழ்ந்து உயிர்விட, பொன்னரும் அவ்வாறே செய்கின்றான். தங்காள் படுகளத்திற்கு வந்து அண்ணன்மாரை எழுப்புகின்றாள்.

ஈண்டு வேறுபாடும் உண்டு. நெஜா தாமரையுடல் பெற்று நிலைத்து வாழ்கின்றான். அண்ணன்மாரோ தங்கையோடு சிறிது பேசுமளவே எழுந்திருந்து, தம் காலம் முடிந்தது என்று மீண்டும் சாய்கின்றனர். சீனக்கதையில் ஆக்கம் வெற்றியாகின்றது. கொங்குக்கதையில் அது விடைபெறுதலாகின்றது. அண்ணன்மார் கோயில் விழாக்களில் இளைஞர் உயிர்நீத்தார்போல் வீழ்ந்து கிடப்பதும், பின்னர் நீர் தெளித்து எழுப்பப்படுவதும் படுகளம் என்னும் சடங்காக நிகழ்கின்றன. மாயக்கதை இங்குக் காட்சியாக மட்டும் நில்லாமல் வழிபாடாகவே வாழ்கின்றது. இச்சடங்கைக் கண்டு வளர்ந்த இளைஞர்க்கு, மாண்ட நெஜா தாமரையிலிருந்து எழுதல் பொருளற்ற மாயமாகத் தோன்றுதற்கு இடமில்லை.

பிரெண்டா பெக்கின் முயற்சியால் இக்கதை 26 பகுதிகள் கொண்ட அசைவூட்டத் தொடராகவும் ஆக்கப்பெற்றது; அது தமிழிலும் ஆங்கிலத்திலும் அமைந்தது. கொங்குக் கதையொன்று இக்கலைவடிவில் முழுமையாக அமைதல் கூடும் என்பதற்கு இது நல்ல சான்று. அதனைச் செய்ய முன்வந்தவர் கடல்கடந்த நாட்டு அறிஞர் என்பது நாம் எண்ணிப் பார்க்கவேண்டிய செய்தி.

7. சேலத்துத் திரையும் பின்னர் வந்தவையும்

மாயக்கதைக்குத் திரைவடிவம் தருவதில் இவ்வட்டாரம் பின்தங்கியிருந்ததன்று. திருச்செங்கோட்டைச் சேர்ந்த டி. ஆர். சுந்தரம் 1935இல் சேலத்தில் மாடர்ன் தியேட்டர்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். 1937இல் வெளிவந்த அதன் முதற்படம் 'சதி அகல்யா'. பெண் கல்லாகி, கல் மீண்டும் பெண்ணாகும் கதையோடு ஒரு படநிலையம் தன் தொழிலைத் தொடங்கிற்று என்பது நம் ஆராய்ச்சிக்கு இயைந்த செய்தி. 1947இல் 'ஆயிரம் தலை வாங்கி அபூர்வ சிந்தாமணி'யும், 1956இல் முழுநீள வண்ணப்படமாக 'அலிபாபாவும் 40 திருடர்களும்' என்பதும் அங்கிருந்து வந்தன. கதையும் காண்போரும் தொழில்நுட்பமும் ஒருங்கிருந்தும், வரைந்த உருவத்தை இயக்கும் கலை அங்கு வேர்கொள்ளவில்லை. அந்நிலையத்தின் படத்தொழிலும் பின்னர் நின்றுவிட்டது.

2014இல் வந்த 'கோச்சடையான்' புதிய நுட்பத்தைத் தமிழுக்குக் கொணர்ந்தது. ஆயின் அதன் நோக்கம் புகழ்பெற்ற நடிகர் ஒருவரின் உருவத்தை அவ்வாறே கணிப்பொறியில் ஆக்குதல். மாறுதற்குரிய வரைவு மாறாத முகத்திற்குக் கட்டுப்பட்டமையால் ஆக்கத்திற்கு ஆங்கு இடம் சுருங்கிற்று. 2025இல் தமிழ் உள்ளிட்ட பல மொழிகளில் வெளிவந்த 'மகாவதார் நரசிம்மா' பெரும் வரவேற்புப் பெற்றது. தூண் பிளந்து மனிதனும் விலங்கும் அல்லாத வடிவம் தோன்றும் கதை அது. தந்தைக்கும் மகனுக்கும் நேர்ந்த முரணே அதன் உயிர். வால்மீகத்தில் விரிவாக இல்லாத இரணியன் வரலாற்றைக் கம்பர் தம் காப்பியத்தில் ஒரு படலமாகவே பாடிச் சேர்த்தமை அக்கதைக்குத் தமிழுள்ளத்தில் இருந்த இடத்தைக் காட்டும். ஆக்கமும் குடும்ப உறவும் இணையுமிடத்துத் தமிழ்நாட்டினரும் திரண்டு வருவர் என்பது இதனாற் பெறப்படும்.

8. ஒரு தடையும் விடையும்

நெஜா இரண்டாம் படத்தின் வருவாயில் பெரும்பகுதி சீன நாட்டினுள்ளேயே கிடைத்தது. ஆகவே நாட்டுப்பற்றே அவ்வெற்றிக்குக் காரணம். அதனைக் கலையின் ஈர்ப்பாகக் கொள்ளுதல் தவறு என்று தடை எழுப்புவோர் உளர். நாட்டுப்பற்று ஒரு காரணம் என்பதை யாம் மறுக்கவில்லை. ஆயின் நாட்டுப்பற்று மட்டுமே போதுமாயின் அந்நாட்டு மாயக்கதைப் படங்கள் எல்லாம் ஒருபடித்தாக வென்றிருத்தல் வேண்டும். அங்ஙனம் நிகழவில்லை. மேலும் அவ்வருவாய்க் கணக்கே எம் கருத்திற்கு அரண் செய்கின்றது. ஆக்கத்தின் வியப்பு முன்னிலையை அறிந்தார்க்கே முழுதும் வாய்க்கும் என்றோம். பகைவனாகிய பழைய தந்தையை அறிந்த சீனர்க்கே, உயிர்தரும் புதிய தந்தை பெருவியப்பாவான். அறியாத நாட்டினர்க்கு அவன் நல்ல தந்தை ஒருவனே. ஆகவே கதையை அறிந்த மக்களிடையே படம் பெருவெற்றி பெற்றது இயல்பே. இதனால், தம் மக்கள் அறிந்த கதையை எடுத்து, மாற்றவேண்டியதை மாற்றி, மாறாத கூறு ஒன்றனைக் காத்தலே இக்கலையின் நெறி என்பது போதரும்.

9. முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் சீன மாயக்கதைப் படங்களின் ஈர்ப்பு புதுமையினும் பெருமையினும் ஆக்கத்தையே பெரிதும் சார்ந்தது என்பதும், அவ்வாக்கம் மாறாத உறவொன்றைத் தாங்கி நிற்கும்போதே காண்போர் உள்ளத்தில் நிலைக்கின்றது என்பதும், அண்ணன்மார் கதை போன்றவற்றிற் பழகிய கொங்குநாட்டு இளைஞர் அதனை எளிதில் உணர்தற்கு உரியர் என்பதும் விளங்கும்.

இனி நம் கடமையைக் கருதுவோம். சாங்காய் ஓவியர் தம் வடிவங்களைத் தேடிச் சென்றபோது இசைநாடக மேடையும் தாள்வெட்டுக் கலையும் குகையோவியங்களும் அவர்கட்குக் கைக்கு எட்டுவனவாக இருந்தன. நம் ஓவியர் நாளை தேடி வருவராயின் நாம் எதனைக் காட்டுவோம்? அண்ணன்மார் கதையின் பாடல் நூலாகியுள்ளது, ஒலிப்பதிவும் உண்டு. பாடுவோரின் மெய்ப்பாடும், கூத்தரின் முகப்பூச்சும், கோயில்களில் நிற்கும் சுடுமண் குதிரைகளும் வீரர் உருவங்களும், தோற்பாவைகளின் வரைவும் முறையாகத் தொகுக்கப்பட்டு ஓரிடத்தில் வைக்கப்படவில்லை. உடுக்கையடித்து முழுக்கதையையும் பாடவல்லார் முதுமையுற்று வருகின்றனர். அவர்பால் கற்கும் இளைஞர் அருகி வருகின்றனர். சொல் ஏட்டில் எஞ்சலாம். சொல்லோடு கூடிய கை, கண், முகம் ஆகியவை ஏட்டில் எஞ்சா. அவை மறைந்தபின் வரையப்படும் படம் எத்துணை நுட்பம் வாய்ந்ததாயினும், அதில் அண்ணன்மாரை அண்ணன்மாராக அறிதற்குரிய அடையாளம் இராது.

ஆதலின் கொங்குநாட்டுக் கல்லூரிகளின் தமிழ்த்துறைகள் நாட்டுப்புறக் கதைகளைப் பதிப்பிப்பதோடு அமையாமல், அவற்றின் காட்சிக் கூறுகளையும் வட்டாரந்தோறும் படமெடுத்து, பெயரும் பொருளும் குறித்துத் தொகுத்தல் வேண்டும். முதுகலை மாணாக்கர் தம் ஆய்வேட்டிற்கு இப்பணியை மேற்கொள்ளுதல் தகும். பள்ளிபாளையம் போன்ற ஓர் ஊரிலிருந்து ஒருநாள் நடை தொலைவில் உள்ள கோயில்களையும் கலைஞரையும் மட்டுமே ஒருவர் எடுத்துக்கொண்டாலும் போதும். மருட்கையின் இலக்கணத்தை வகுத்த மொழி, அம்மருட்கைக்கு உருவம் தரும் பொருள்களை இழந்துவிடாமல் காத்தல் நம் தலைமுறையினர் கையில் உள்ளது.